உள்ளே ஆள் உண்டு

சுங்காய் பட்டணத்தைத் தாண்டி
செம்பனை ஆலையின் எடைமேடையில்
இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
லோரிகளின் பாரத்தைப் பதிவது என் வேலை.
நிறைந்து வரும்போது ஒரு கணக்கு,
காலியாய்ப் போகும்போது ஒரு கணக்கு.
ஓட்டுநர் இறங்காவிட்டால் அவரும் பாரம்தான்,
எவரும் கழிப்பதில்லை.
இரண்டு லோரிகளுக்கு நடுவே கைப்பேசி.

எங்களிடம் ஒரு பொதுப் பெட்டி இருக்கிறது,
ஐந்து பேருக்கு ஒரே சாவி.
யாரோ எங்கோ எடுத்துப் போட்ட படங்களின்
முகவரியை மட்டும் அதில் சேர்ப்போம்.
படத்தை அல்ல. அது எடுத்தவருடையது.
யோகமலர் வைத்த சட்டம்.
கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள்,
எதற்கும் சீட்டு ஒட்டாமல் விடமாட்டாள்.
ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு மூன்று சொல்:
ஈரம். முதுகு. பேருந்து வருவதற்கு முன்.
"அழகுன்னு மட்டும் எழுதாதீங்க.
அழகில்லைன்னா ஏன் கொண்டுவந்தீங்க?"

அமல்தாசுக்கு எல்லாமே மழை.
வெயிலில் காயும் சட்டைக்கும் மழை என்றே எழுதுவான்.
கேட்டால், "இனிமே பெய்யும்."
ஹபிபா மலாயில் எழுதுவாள்.
சுன்யி என்று அவள் எழுதியதைச்
சூனியம் என்று படித்து, முதல் முறை,
நடுராத்திரியில் சாவடிக் கதவைத் தாழிட்டேன்.
ஆளில்லாத அமைதியாம்.

ஐந்தாவது ஆளை எவரும் பார்த்ததில்லை.
பெயர் இருக்கும் இடத்தில் பகல்தூக்கம் என்றிருக்கும்.
விடியற்காலை நாலுக்கு மேல்தான் நடமாட்டம்.
யார் சேர்த்துவிட்டது என்று கேட்டபோது
ஒருவரை ஒருவர் காட்டினோம்.

அறுநூற்றுப் பதினொன்று ஆகிவிட்டது.
சிலதைத் தொட்டால் இப்போது வெள்ளைப் பக்கம்.
எடுத்தவர் அழித்திருப்பார், மனம் மாறியிருப்பார்.
சீட்டு மட்டும் நிற்கிறது:
நீலத் துண்டு, இடது கை, குலை விழச் சற்று முன்.
படம் போய்விட்டது.
குலை இன்னும் விழவில்லை.

போன புதன்கிழமை ஹபிபா ஒன்று சேர்த்தாள்.
இந்த வழியே போன எவரோ எடுத்தது.
இருட்டு, செம்பனை வரிசை,
நடுவில் மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு சாவடி.
கீழே, சுன்யி.
அமல்தாஸ் அதற்குள் மழையும் போட்டுவிட்டான்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
துருவேறிய தூண். பாதி அழிந்த மூன்றாம் எண்.
ஜன்னலோரம் மைலோ டின்னில் என் பேனாக்கள்.
பக்கத்தில் கறுப்பாய் ஒரு முக்கோணம்,
முழங்கை,
என்னுடையது.
குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
அநேகமாக இந்தப் பெட்டியைத்தான்.

ஹபிபாவுக்கு நான் ஆலையில் இருப்பது தெரியும்,
ஆபீசில் என்று நினைத்திருப்பாள்.
அடியே, அது நான் என்று எழுதினேன்.
அழித்தேன்.
சிரிப்பாள், மன்னிப்புக் கேட்பாள்,
சுன்யியை எடுத்துவிடுவாள்.
அவள் பார்த்த அமைதியும் பொய்யில்லையே.
அவள் சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று சேர்த்தேன்:
உள்ளே ஆள் உண்டு.

மூன்று நாள் எவரும் வாய் திறக்கவில்லை.
நாலாம் நாள் யோகமலர்
ஷட்டர் இறக்கிய துணிக்கடைப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்து
அதற்கும் அதையே எழுதியிருந்தாள்.
பிறகு நின்றுபோன ரயில் பெட்டிக்கு யாரோ.
பிறகு அமல்தாஸ், கொடியில் காயும் அந்தப் பழைய சட்டைக்கு:
மழை, உள்ளே ஆள் உண்டு.
ஹபிபா தன் சாவடியைத் தொடவே இல்லை.
பார்த்தாளா என்றும் தெரியவில்லை.

இன்று நாலு பதினேழுக்குப்
பகல்தூக்கம் வந்தது.
புதிதாய் எதையும் சேர்க்கவில்லை.
நீலத் துண்டின் வெள்ளைப் பக்கத்துக்குப் போய்
எழுதிவிட்டுப் போனது,
உள்ளே ஆள் உண்டு.

வெளியே மூன்று லோரி வரிசையில்.
முதலாவது மேடையேறி நிற்கிறது.
ஓட்டுநர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
இறங்காமலே கையைத் தூக்குகிறார்.
நானும் தூக்குகிறேன்.
எண் ஆடி ஆடி நிற்கிறது.
இருபத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பத்து.